வழிமொழிய ஆளில்லை

செயின்ட் வெண்டலில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "விடை சரி, ஆனா..." என்று ஆரம்பித்துப் பாருங்கள். "வழி எங்கே?" என்று அவர்களே முடித்துவிடுவார்கள். அது மார்லிஸ் ட்ரைலிங்கின் வாக்கியம். கான்சஸின் மேற்கு ஓரத்தில் கோதுமைக்கும் காற்றுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் ஊர்ப் பள்ளியில், ஒரே அறையில், இருபத்தைந்து வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் அவள். குரலை உயர்த்தியதே இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் போதும், பின்வரிசைப் பையன் வாயிலிருக்கும் சூயிங்கத்தை அப்படியே விழுங்கிவிடுவான். விடையை மட்டும் எழுதிவைத்தால் பாதி மதிப்பெண்தான். அது எப்படி வந்தது என்று படிப்படியாகக் காட்ட வேண்டும்.

வகுப்பில் இவ்வளவு கறாரானவள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வழியைக் கேட்காமல் விடையை வாங்கிக்கொண்டாள். அதில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

அவள் கணவன் டெல்மருக்கு ஊருக்கு வடக்கே கொஞ்சம் கோதுமை நிலம், கொஞ்சம் மாடு. எங்கள் பக்கத்தில் விவசாயியின் மனைவி வேலைக்குப் போவது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு அவள் வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும். "ஆலங்கட்டி மழைக்கு நான் பயப்படணும். ஆஸ்பத்திரிக்கு வாத்தியாரம்மா இருக்கா" என்று டெல்மர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். பிள்ளைகள் இல்லை. ஊர்ப் பிள்ளைகளே போதும் என்று மார்லிஸ் சொல்லிக்கொள்வாள். அது முழு உண்மை இல்லை என்று ஊருக்கே தெரியும். யாரும் அதைப் பேச மாட்டார்கள்.

போன செப்டம்பரில் டெல்மரும் அவனுடைய உயிர்த்தோழன் லியோன் வாசிங்கரும் மான் வேட்டைக்காக ஓடைக்கரை மரத்தில் பரண் கட்டினார்கள். வருடா வருடம் செய்கிற வேலைதான். புது வார் வாங்கச் சோம்பல்பட்டு, பழைய வார்களையே இழுத்துக் கட்டினார்கள். டெல்மர் மேலே ஏறி உட்கார்ந்ததும் வார் அறுந்தது. விழுந்தவன் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அன்றைக்கே ஹெலிகாப்டர் அவனை மாநில எல்லை தாண்டி, கொலராடோவின் டென்வருக்குக் கொண்டுபோனது.

ஊர் கைகட்டி நிற்கவில்லை. தேவாலயக் கூடத்தில், கோசும் இறைச்சியும் அடைத்த பியராக் ரொட்டி சுட்டு ஒரு விருந்து வைத்து உதவி திரட்டினார்கள். லியோன் தினமும் காலையில் தன் மாடுகளைப் பார்க்கும் முன் டெல்மரின் மாடுகளுக்குத் தீனி போட்டான். பள்ளிக் கண்காணிப்பாளர் கேலன் ஹெர்ல் ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கே வந்தார். பிள்ளைகள் வரைந்த வாழ்த்து அட்டைகளைக் கொடுத்துவிட்டு, மார்லிஸைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"நீ டெல்மரைப் பாரு. ஸ்கூலைப் பத்தி யோசிக்காத."

"என் லீவு கிறிஸ்துமஸோட முடியுது கேலன். இவனுக்கு இங்க ஒரு வருஷமாவது வைத்தியம் வேணும்னு டாக்டர் சொல்றார். பிப்ரவரி வரைக்கும் உள்ளயே, அப்புறம் பக்கத்துலயே வீடெடுத்து வந்து போற மாதிரி. ரெண்டு தெரு தள்ளி ஒரு ஸ்கூல்ல ஜனவரிக்குக் கணக்கு டீச்சர் தேடறாங்க. பேசிட்டேன். சரின்னுட்டாங்க."

"அப்ப சேர்ந்துடு. அவங்க இன்சூரன்ஸ் இவனையும் சேத்துப் பாத்துக்கும்."

"உங்களோட ஒப்பந்தம் மே வரைக்கும் இருக்கே?"

"அட, அதை விடு. நான் பாத்துக்கறேன்" என்று அவர் கையை நீட்டினார். அவளும் நீட்டினாள். கதை முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

எங்கள் ஆட்களின் பழக்கம் அது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலும் கை குலுக்கல்தான், அறுவடை இயந்திரத்தை இரவல் கொடுத்தாலும் கை குலுக்கல்தான். காகிதத்தை நீட்டினால், "என்னப்பா, என்னை நம்பலையா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் மார்லிஸ் ராஜினாமாவை அனுப்பிவிட்டு, கான்சஸ் ஆசிரியர் உரிமத்தைக் கொலராடோவுக்கு மாற்றும் வேலையில் இறங்கினாள்.

அது லேசான வேலையில்லை. இங்கே இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவளுக்கு அங்கே ஒரு முக்கோணத்தை அறிமுகப்படுத்தக்கூட அனுமதி கிடையாது. கல்லூரி மதிப்பெண் வேண்டும், பழைய பள்ளியின் சான்று வேண்டும், குற்றவாளி இல்லை என்று நிரூபிக்கக் கைரேகை வேண்டும். கைரேகை எடுத்த பெண் அவள் விரல்களைத் திரும்பத் திரும்பக் கண்ணாடியில் அழுத்திவிட்டு, "உங்க ரேகையெல்லாம் தேஞ்சுபோச்சே. என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். "அடுத்தவங்க தப்பை அழிக்கற வேலை" என்றாள் மார்லிஸ். அந்தப் பெண் சிரிக்கவில்லை. டென்வரில் யாரும் அவளுடைய நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை.

டெல்மரின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில், மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் நிரப்பினாள். இரண்டு மணிக்கொரு தரம் அதை மூடிவைத்துவிட்டு அவனைப் புரட்டிப் படுக்க வைப்பாள். புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: வேறொரு பள்ளி மாவட்டத்தின் ஒப்பந்தத்திலிருந்து, அவர்கள் விடுவிக்காமலே விலகுகிறீர்களா? மார்லிஸ் "இல்லை" என்று குறித்தாள். மனசறிந்து பொய் சொல்லவில்லை. கேலன்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாரே.

நவம்பர் கடைசியில் புதுப் பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். விடுவிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை, அது இல்லாமல் உரிமம் நகராது என்றாள். மார்லிஸ் உடனே கேலனைக் கூப்பிட்டாள்.

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... ஸ்கூல் போர்டு ஓட்டுப் போடணும் மார்லிஸ். நான் தனியா விடுவிக்க முடியாது."

"அப்ப அன்னைக்கு எதைப் பாத்துக்கறேன்னு சொன்ன?"

"உன் இடத்துக்கு ஒரு ஆள் கிடைச்சுடுவாங்கன்னு நினைச்சேன். மூணு மாவட்டத்துல கேட்டுட்டேன். ஒருத்தரும் இல்ல. பசங்க ஜிம்ல கோச் முன்னாடி உக்காந்து வீடியோவுல அல்ஜீப்ரா பாக்கறாங்க. கோச்சுக்கே புரியல, அவர் போய் பாப்கார்ன் பண்ணிட்டு வராரு."

"விடுவிக்காம நான் போனா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியும். ஒப்பந்தத்தை முறித்தால் கான்சஸ் உரிமத்தை நிறுத்தி வைப்பார்கள். ஒரு மாநிலம் நிறுத்தினால் மற்ற மாநிலங்களுக்கெல்லாம் தகவல் போய்விடும். கொலராடோ கதவை மூடும். வேலை போகும், காப்பீடு போகும், டெல்மரின் கட்டில் போகும்.

"டிசம்பர் கூட்டத்துல வைக்கறேன். நீயே நேர்ல வந்துடு. உன் முகத்தைப் பாத்து யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க" என்றார் கேலன்.

மார்லிஸ் அடுத்து லியோனைக் கூப்பிட்டாள். பள்ளியை நடத்த ஊர் தேர்ந்தெடுத்த போர்டில் இருக்கும் ஏழு பேரில் அவனும் ஒருத்தன்.

"இதெல்லாம் ஒரு விஷயமா தாயே? யாராவது முன்மொழியட்டும், மறு மூச்சுல நான் வழிமொழியறேன். மத்தவங்க தன்னால கையைத் தூக்குவாங்க."

"சத்தியமா?"

"டெல்மருக்காக என் காலையே வெட்டித் தரச் சொன்னாலும் தருவேன்" என்றான் லியோன். அந்த மரத்தடியில் கூட நின்றவன் அவன்தான். பழைய வாரே போதும் என்று சொன்னவனும் அவன்தான்.

மார்லிஸ் நிம்மதியாக மூச்சு விட்டாள். டெல்மரிடம் சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "லியோனா? அவன் சொன்னா செய்வான்" என்றான்.

கூட்டத்தன்று அவள் கிழக்கே ஓட்டி வந்தாள். எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டது. முதலில் வீட்டுக்குப் போய் முகம் கழுவினாள். முன்வாசல் படிக்குப் பக்கத்தில் தார்பாய் போட்டு மூடிய புது மரப்பலகைகள் அடுக்கியிருந்தன. யாரோ மழைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.

கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய காகிதப் பனிப்பூக்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். உள்ளே நுழைந்ததிலிருந்து ஒவ்வொருவராக அவளைக் கட்டிப்பிடித்தார்கள். யாரோ அவள் கையில் ஒரு தட்டு பியராக் ரொட்டியைத் திணித்தார்கள். போர்டுத் தலைவி ட்ரூடி அவளுடைய பழைய மாணவிதான். ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் அதே பள்ளியில்.

"பொதுமக்கள் பேசற நேரம் மூணு நிமிஷம், மிஸஸ் ட்ரைலிங். உங்களுக்கு வேணும்னா கூட எடுத்துக்குங்க" என்றாள் ட்ரூடி. பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கி அனுமதி கேட்ட அதே குரல்.

மார்லிஸ் எழுந்தாள். கேட்டுப் பழக்கமில்லாதவள். கொடுத்துத்தான் பழக்கம்.

"உங்க பசங்களை நான் விட்டுட்டு ஓடல" என்று ஆரம்பித்தாள். "எனக்கு அவங்க எல்லாரும் முக்கியம். ஆனா டெல்மர் அங்க படுத்திருக்கான். டாக்டருங்க பக்கத்துலயே இருக்கணும்ங்கறாங்க. நான் இங்க வந்துட்டா அவன் தனியா கிடப்பான். அங்க வேலைல சேந்தா தினமும் அவனைப் பாக்கலாம், இன்சூரன்ஸும் இருக்கும். நீங்க விடுவிச்சாத்தான் அவங்க எனக்கு லைசென்ஸ் தருவாங்க. இவ்வளவுதான். நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன்."

அவள் குரல் கடைசியில் உடைந்தது. எங்கள் ஊரில் மார்லிஸ் ட்ரைலிங்கின் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை. பின்னால் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

ட்ரூடி காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "மார்லிஸ் ட்ரைலிங்கின் ராஜினாமாவை ஏற்று ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பது. முன்மொழிய யாராவது?"

மருந்துக்கடைக் கிழவர் கையைத் தூக்கினார். "நான்."

"வழிமொழிய?"

மார்லிஸ் லியோனைப் பார்த்தாள். அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான். மறு மூச்சு என்று சொன்னவன். அவன் எத்தனையோ தடவை மூச்சு விட்டான்.

மற்றவர்களும் லியோனைத்தான் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அவனைவிட நெருங்கியவன் கிடையாது. அவனே வாயைத் திறக்காவிட்டால் ஏதோ காரணம் இருக்க வேண்டும், அவனைத் தாண்டி நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் வாய்க்காகக் காத்திருந்தார்கள். அதோடு, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. பாப்கார்ன் வாசனையில் அல்ஜீப்ரா படிக்கிற பிள்ளைகள்.

"வழிமொழிய யாராவது?" என்று ட்ரூடி மறுபடியும் கேட்டாள். அவள் கண்கள் கெஞ்சின. அவளும் வழிமொழிந்திருக்கலாம். தலைவி வழிமொழிவது எங்கள் ஊர் வழக்கம் இல்லை. வழக்கம் என்கிற திரையைப் பிடித்துக்கொண்டு அவளும் ஒளிந்துகொண்டாள் என்றுதான் நான் சொல்வேன்.

"வழிமொழிய ஆளில்லாததால தீர்மானம் விழுது" என்றாள் ட்ரூடி, காகிதத்திடம். பிறகு அவசரமாக, "அடுத்து, ஜிம் பாய்லர் ரிப்பேர்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் மார்லிஸுக்குத் தாங்கவில்லை. எதிர்த்து ஒருத்தர் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். மற்ற ஆறு பேரும் அவளை நேசித்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவள் பியராக் தட்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே போனாள். வண்டிக்கே ஓடிவந்து அதை மறுபடியும் கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் மாட்டுத் தொட்டியில் உறைந்த பனியைக் கோடாலியால் உடைக்கும் சத்தம் கேட்டு எழுந்தாள். இரவு முழுக்கத் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. டெல்மரின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். லியோன் அவளைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்தான்.

"வெக்கமா இல்ல உனக்கு? ராத்திரி அப்படிப் பண்ணிட்டு, காலையில வந்து என் மாட்டுக்குத் தண்ணி காட்டற?"

"மாடு என்ன பாவம் பண்ணுச்சு."

"லியோன்!"

அவன் தொட்டியையே பார்த்தான். உடைந்த பனித்துண்டுகள் மெதுவாக ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன.

"ஞாயித்துக்கிழமை டெல்மர் கூப்பிட்டான்" என்றான்.

"என்னன்னு?"

"வழிமொழியாதேன்னு."

மார்லிஸுக்கு முதலில் புரியவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். லியோன் வாசிங்கர், ஐம்பத்திரண்டு வயசு, அந்தப் பார்வைக்குத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன் அழுதான் மார்லிஸ். எனக்கு அவனைச் சின்ன வயசுலேர்ந்து தெரியும், அவன் அழுது நான் பாத்ததில்ல. 'அவளை அங்க கட்டிப்போட்டு வை, அவ இங்க வந்துட்டா எங்களுக்கு வீடே இருக்காது'ன்னான். நான் என்ன செய்ய? அந்த வாரை மாத்தச் சொல்லி அவன் சொன்னான். நான்தான் வேணாம்னேன். அவன் ஒண்ணு கேட்டா நான் எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?"

"எனக்கும் நீ வாக்குக் குடுத்தியே."

"குடுத்தேன்." அவன் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு பேருக்கும் குடுத்தேன். ஒண்ணை முறிச்சுத்தான் ஆகணும். முறிச்சுட்டேன்."

"அந்தப் பலகை?" மார்லிஸ் முன்வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அவளுக்கே விடை தெரிந்துவிட்டது.

"சக்கர நாற்காலி ஏற சாய்தளம். அவன் அளவு சொன்னான். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் அடிக்கலாம்னு வாங்கிப் போட்டேன்."

மார்லிஸ் உள்ளே போனாள். சமையலறையில் நின்றபடியே டென்வர் பள்ளிக்குப் போன் போட்டாள். தன் விண்ணப்பத்தில் ஒரு கேள்விக்குத் தவறாகப் பதில் எழுதிவிட்டதாகவும், விடுவிப்பு கிடைக்கவில்லை என்றும் சொன்னாள். அந்தப் பெண் நல்லவள்தான், வருத்தப்பட்டாள். "ஜனவரிக்கு எங்களுக்கு ஆள் வேணுமே மேடம், மே வரைக்கும் காத்திருக்க முடியாது" என்றாள். "புரியுது" என்றாள் மார்லிஸ். அவள் வகுப்பில் எந்தப் பிள்ளை "புரியுது" என்று சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள்.

மேற்கே போகும்போது கடிகாரம் அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நேரம் முழுக்க அவள் காருக்குள் கத்தினாள். முதலில் லியோனை, பிறகு ட்ரூடியை, பிறகு கேலனை, கடைசியில் டெல்மரை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிறகு, எல்லாவற்றுக்கும் முதல் படியில் தானே ஒரு கையைக் குலுக்கியது ஞாபகம் வந்தது. அப்போது கத்த ஆளில்லை.

டெல்மர் கட்டிலில் தலைப்பக்கம் உயர்த்தி உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சியில் வானிலை ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றான், திரையைப் பார்த்துக்கொண்டே.

மார்லிஸ் தொலைக்காட்சியை அணைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை. அது அவனுடைய கோட்டு என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"வழியைக் காட்டு டெல்மர். விடை எனக்குத் தெரியும்."

அவன் போர்வையின் ஓரத்தைப் பிடித்து மடித்தான், பிரித்தான்.

"லியோன் சொல்லிட்டானா?"

"அவன் ஒரு நாள்கூடத் தாங்கல."

"கழுதை."

"யாரு, அவனா?"

டெல்மர் சிரிக்க முயற்சி செய்து விட்டுவிட்டான். "எனக்குக் கால் வராது மார்லிஸ். டாக்டர் சுத்தி வளைச்சுப் பேசறார், ஆனா எனக்குத் தெரியும். நீ இங்க வேலைல சேந்தா முதல்ல மாட்டை விப்போம். அப்புறம் நிலத்தைக் குத்தகைக்கு விடுவோம். ஒரு வருஷம் ரெண்டாகும். ஒரு நாள் வீட்டையும் விப்போம். உனக்கு இந்த ஊர்ல ஒரு பையனைக்கூடத் தெரியாது. நீ என்னைப் புரட்டிட்டு அந்த நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறதை நான் தினம் பாக்கறேன். காலும் இல்ல, வீடும் இல்ல, உனக்கு ஸ்கூலும் இல்லாம பண்ணிட்டா நான் எதுக்கு? நீ அங்க இருந்தா வீடுன்னு ஒண்ணு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்ட."

"மாட்டேன். அதனாலதான் கேட்டிருக்கணும்!" அறைக்கு வெளியே போன செவிலியர் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். மார்லிஸ் குரலைத் தாழ்த்தவில்லை. "ஏழு பேர் முன்னாடி நின்னு கெஞ்சினேன் டெல்மர். என் பழைய பசங்க முன்னாடி. நீ இங்க படுத்துக்கிட்டே என்னைத் தோக்கடிச்சுட்ட. மரத்துலேர்ந்து விழுந்தது நீ. நேத்துத் தரையில கிடந்தது நான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இப்ப என்ன ஆச்சு தெரியுமா? இந்த வேலை போச்சு. லீவு முடிஞ்சா நான் அங்க போயாகணும், இல்லன்னா இன்சூரன்ஸ் போகும். பிப்ரவரி வரைக்கும் நீ இங்க தனியா. அப்புறம் மிச்ச வைத்தியத்தை விட்டுட்டு வீட்டுக்கு வருவ. பகல் முழுக்க நான் ஸ்கூல்ல. யாரு உன்னைப் புரட்டுவா?"

"லியோன் வரேன்னான்."

"லியோனுக்குச் சட்டியில கோழியைக்கூடப் புரட்டத் தெரியாது!"

அவளுக்குக் கோபம் வடியவில்லை. ஆனால் அவன் முகத்தில் இருந்த பயம் அவளுக்குத் தெரிந்த பயம்தான். தேர்வில் விடை மட்டும் எழுதிவிட்டுத் தாளை மூடிவைத்துக்கொண்டிருக்கும் பையன்களிடம் அதைப் பார்த்திருக்கிறாள். அவர்களை அவள் ஒருபோதும் சும்மா விட்டதில்லை. இவனையும் விடப்போவதில்லை.

"மே வரைக்கும் நான் அங்க. அதுக்கு மேல யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன். அடுத்த வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதா வேணாமான்னு நாம ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணணும். லியோன் இல்ல, போர்டு இல்ல." அவள் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நேராக நின்றாள். "ஒரு தீர்மானம் கொண்டு வரேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாம இனிமே எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நான் முன்மொழியறேன். வழிமொழிய யாராவது?"

டெல்மர் கண்ணைத் திறந்தான். வேடிக்கைக்குச் சொல்கிறாளா என்று பார்த்தான். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது.

நூலகத்தில் இருந்த அதே மௌனம். எத்தனை பிரியம் இருந்தாலும் மனிதர்கள் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று அவள் நேற்றுதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் காத்திருந்தாள். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"வழிமொழிய யாராவது?" என்று இரண்டாம் தடவை கேட்டாள். "வழிமொழிய ஆளில்லாததால..."

"நான்" என்றான் டெல்மர்.

"சத்தமா."

"நான் வழிமொழியறேன் மார்லிஸ்." அவன் அழுதுகொண்டிருந்தான். லியோன் சொன்னது சரிதான், அவன் அழுது அவளும் பார்த்ததில்லை. அழுதுகொண்டே வலது கையைத் தலைக்கு மேலே உயரத் தூக்கினான், ஓட்டுப் போடுகிறவன் மாதிரி. இறக்க மறந்துபோய் அப்படியே வைத்திருந்தான்.

மார்லிஸும் தன் கையைத் தூக்கினாள். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மணியைப் பார்த்தாள். புரட்டும் நேரம் தாண்டியிருந்தது. அவன் தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, வழக்கம்போல அவனை ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள். அவள் வீட்டுக்குக் கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் இதை எப்படிச் செய்வது என்று செவிலியர்களுக்கு, படிப்படியாக, காட்டிவிட்டுப் போக வேண்டும்.